நெத்திலி வேண்டாம் என்ற நாய்க்குட்டி

துணி துவைக்கிறவனுக்குச் சந்தேகம் தொழிலோடு கூட வருவது. சட்டைப் பையில் கை விட்டுப் பார்க்காமல் நாங்கள் ஒரு சட்டையையும் தண்ணீரில் நனைக்க மாட்டோம். உள்ளே தீப்பெட்டியா, கடிதமா, பாதி கடித்த பாக்கா என்று பார்த்துப் பார்த்து, சட்டைக்குள் இருந்த ஆளைப் பற்றியும் ஓர் எண்ணம் வந்துவிடும். முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு. நாங்கள் கறையைப் பார்த்து எடை போடுவோம். என் மனைவி இதற்கு ஒரு வசனம் வைத்திருந்தாள்: "வாய் மறைச்சாலும் வேட்டி சொல்லிடும்." எந்த ஊர்ப் பழமொழி அது என்று கேட்டால், "இந்த ஊர்தான், இப்பத்தான் சொன்னேன்" என்பாள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. இப்படிக் காதில் விழுந்ததைப் பொறுக்கி வைத்துக்கொண்டுதான் பேசக் கற்றேன்.

பினாங்கில் அப்போது ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் எங்கள் துறை. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களின் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரித் துணி, வெள்ளைக்காரர் பங்களாக்களின் கோட்டு, கால்சட்டை எல்லாம் வண்டி வண்டியாக வரும். கல்லில் அடித்து, நீலம் போட்டு, விரிப்புகளைப் புல்லில் பரப்பி வெயில் காட்டுவோம். சட்டைகள் கொடிக்குப் போகும். எங்கள் கொடி இரட்டைக் கயிறு. இரண்டையும் முறுக்கிக் கட்டி, துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் துணி பறக்காது.

காற்றுக்கு அசையாத துணி கைக்கு அசையும் அல்லவா? அந்த வருஷம் சித்திரையில் கொடியிலிருந்து துணிகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் ஒரு வெள்ளைக் கால்சட்டை. அடுத்த வாரம் இரண்டு மேசை விரிப்பு. வெளியாளா, உள்ளாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் கொடியை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நடந்தோம். "யாரு அது?" என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, எல்லோர் கண்ணிலும் அது இருந்தது.

அந்த நேரத்தில்தான் குட்டி வந்தது. துணி வண்டிக்கு அடியில் ஈரத்தில் சுருண்டு கிடந்ததை என் மனைவி எடுத்து வந்தாள். உச்சி முதல் வால் நுனி வரை கறுப்பு. பேருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. தாயைத் தேடினோம், கிடைக்கவில்லை.

துறைக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். யாருக்கும் உறவு இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் பெரியப்பா. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. யாருக்கு எந்தக் கல், எந்தக் கொடி, எந்தப் புல்தரை என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் 'போ' என்றால் போக வேண்டியதுதான். நாய் என்றால் அவருக்கு ஆகாது. வெள்ளைத் துணிக்கும் நாய்க்காலுக்கும் ஏழாம் பொருத்தம் என்பார்.

"திருட்டு நடக்கிற இடம், ஒரு நாய் இருந்தா நல்லதுதானே பெரியப்பா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"திருடன் ஒரு துணி எடுப்பான். உன் நாய் ஒம்போது துணியை மிதிக்கும். எது சூசா, நீயே சொல்லு." தொல்லைக்கு எங்கள் ஊரில் சூசா என்றுதான் சொல்வோம்.

என் மனைவி முந்தானையில் குட்டியை மூடிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் இறங்கினார். "தீபாவளி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள துணி மேல கால் வைக்காம இருக்கக் கத்துக்கிட்டா இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா சாக்குல போட்டுப் பத்து காவானுக்குப் படகு ஏத்திடுவேன். அப்புறம் அழக்கூடாது."

பத்து காவான் அக்கரை. தோட்டக்காடு. கடல் தாண்டி விட்ட நாய் மோப்பம் பிடித்து வீடு திரும்பாது. அங்கே நாய் பெருத்துப் போனால் தோட்டத்தார் துப்பாக்கியை எடுப்பார்கள் என்றும் கேள்வி. என் மனைவி குட்டிக்குப் பேர் வைக்க மறுத்துவிட்டாள். "பேர் வெச்சுட்டா அப்புறம் சாக்குல போட மனசு வருமா? தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அதனால் அது குட்டி என்றே இருந்தது.

குட்டியை அடிக்காமல் பழக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு கால்சட்டைப் பை. அதற்கு முந்தின வருஷம் கடற்கரைத் திடலில் ஒரு சர்க்கஸ் கூடாரம் அடித்திருந்தார்கள். அங்கே நாய்களை வைத்து வித்தை காட்டுகிறவரின் துணி எனக்கு வந்தது. பையில் கை விட்டால் காய்ந்த ஈரல் துண்டுகள், நகத்தளவு, நகத்தளவாக. எனக்குத் திக்கென்றது. நாய்க்கு மருந்து வைக்கிறவன் போலிருக்கிறதே என்று, துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு நாயைக் கூப்பிட்டார். அது ஓடி வந்து எதிரே உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த நொடியில் ஒரு துண்டு அதன் வாயில். கடைத்தெரு மலாயில் சொன்னார்: "பூக்குல் தா பாய்க். காசி மாக்கான், டியா ஈங்காட்." அடிப்பது நல்லதல்ல, தின்னக் கொடு, அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்று அர்த்தம். இன்னும் இரண்டு சொன்னார். சொல்லை ஒரு தரம்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் சொன்னால் முதல் தரத்துக்கு மதிப்பில்லை. வயிறு நிறையும் முன் பாடத்தை நிறுத்த வேண்டும். நிறைந்த வயிற்றுக்குக் காது கேட்காது.

ஈரலுக்கு நான் எங்கே போவது? பாசாரில் நெத்திலிக் கருவாடு வாங்கி, தலையைக் கிள்ளிப் போட்டு, உடம்பை மூன்றாக ஒடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் பாடம் 'வா'. அதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. அடுத்தது 'உட்காரு'. நெத்திலியை மூக்குக்கு மேலே தூக்கிக் காட்டினால் தலை அண்ணாந்து பார்க்கும். தலை மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரையில் படியும். பட்ட உடனே ஒரு துண்டு. மூன்றாம் பாடம்தான் கஷ்டம்: 'இரு'. கொடியின் அடியில் ஒரு கிழிந்த பாயைப் போட்டு அதன் மேல் உட்கார வைத்து, 'இரு' என்று ஒரு மூச்சு நேரம் நிற்பேன். எழுந்திருக்காமல் இருந்தால் துண்டு. பிறகு இரண்டு மூச்சு. பிறகு ஓர் அடி பின்னால். எழுந்து வந்துவிட்டால் திட்டமாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். மறுபடி பாய், மறுபடி ஒரு மூச்சு. ஆனி முடிவதற்குள், நான் ஆற்றில் இறங்கி ஒரு மூட்டையை அலசிக்கொண்டு வரும்வரை பாயை விட்டு அசையாமல் இருக்கப் பழகிவிட்டது.

துறையில் கேலிக்குக் குறைவில்லை. "அடியாத மாடு படியாது, இவன் நெத்திலி குடுத்துப் படிய வெக்கிறான்" என்று ஒருவர். "மாட்டுக்குச் சொன்னது நாய்க்கு எப்படிப் பொருந்தும்?" என்று என் மனைவி. நான் கையைத் தூக்கினால் துறையில் இரண்டு மூன்று பேர் வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுவார்கள்.

இஸ்திரி போடுகிற அண்ணன் மட்டும் கேலி செய்யவில்லை. அவர் ஓலைக் கொட்டகையில் கரிப்பெட்டியோடு நிற்பவர். அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கமிருந்து வந்தவர். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வார்த்தைக்கு வார்த்தை கூலி கேட்பவர் மாதிரி அளந்துதான் பேசுவார். ஒரு நாள் பெட்டியால் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"தம்பி, நீ ரெண்டு நெத்திலி குடுத்தா உக்காருது. திருடன் நாலு நெத்திலி கொண்டாந்தா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இதை இவர் ஏன் யோசித்தார்? துணி போக ஆரம்பித்ததும் சித்திரை, இவர் வந்ததும் சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால். குட்டியும் வெயில் தாழ்ந்தால் அவர் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவன் நான். எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ஆடியில் ஒரு நாள் முற்பகலில் எல்லோரும் ரோட்டுக்கு எதிரே தேநீர்க் கடைக்குத் தே குடிக்கப் போயிருந்தோம். அது தினம் நடப்பது. அந்தக் கால்மணி நேரம் பெரியப்பா துறையில் காவலுக்கு இருப்பார். கரி அணைந்துவிடும் என்று இஸ்திரி அண்ணனும் வரமாட்டார். நான் திரும்பி வந்து 'வா' என்றேன். குட்டி வந்தது, ஆனால் ஆடி அசைந்து வந்தது. நெத்திலியை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நெத்திலியை வேண்டாம் என்கிற நாயை நான் அன்றுதான் பார்த்தேன். வயிறு மேளம் மாதிரி இருந்தது.

எதையோ பொறுக்கித் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆவணியில் மறுபடி அதே கதை. அன்று புல்லில் கிடந்த ஒரு விரிப்பின் நடுவே நாலு பிஞ்சுக் கால் தடம், செம்மண்ணில் முத்திரை குத்தின மாதிரி. பெரியப்பா கத்தினார். விரிப்பை நான் திரும்பத் துவைத்தேன்.

புரட்டாசியில் மூன்று விரிப்பு. பெரியப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு தடமாகக் காட்டினார். "நல்லாப் பாத்துக்க. ஐப்பசியில ஒரு நாள், எல்லாரும் பாக்க, நானே சோதனை வெக்கிறேன். நாயைப் பாயில உக்கார வெச்சுட்டு நீ ஆத்துக்கு இறங்கிப் போய் வரணும். அது எங்க போனாலும் எனக்குக் கவலையில்லை, ஒரு துணியில கால் பட்டுதோ, சாக்கு."

அவர் போனதும் குட்டியின் வாயைத் திறந்து முகர்ந்தேன். மிளகு. நல்லெண்ணெய். உளுந்து. மிளகு வடை!

யாரோ இதற்கு வடை போட்டு, பாயை விட்டு எழுப்பி, தன் பக்கம் இழுத்துப் பழக்குகிறான். நான் மூன்று மாதம் கற்றுக்கொடுத்ததை எனக்குத் தெரியாமல் ஒருவன் அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். எதற்கு? நாளைக்குக் கொடியில் கை வைக்கும்போது இது குரைக்கக்கூடாது என்றுதானே! மிளகு வடையைச் சீனரும் சுடமாட்டார், மலாய்க்காரரும் சுடமாட்டார். ஆள் நம்மவன். தே குடிக்க வராதவன்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மறுநாள் இஸ்திரி அண்ணன் தண்ணீர் மொள்ளப் போன நேரம் பார்த்து, அவர் கொட்டகைக்குள் நுழைந்து, மூலையில் இருந்த தூக்குச் சட்டியைத் திறந்தேன். பழைய சோறு. மேலே ஒரு வெங்காயம். அடியில் ஏதாவது இருக்குமோ என்று விரலை விட்டுக் கிளறினேன். பின்னால் வாளி தரையில் வைக்கப்படும் சத்தம்.

"தம்பி, சோறும் வெங்காயமும்தான். இன்னும் அடியில பாக்கணுமா? கரண்டி தரவா?"

நான் என்னவோ சொன்னேன். நாய், வடை, வாசனை என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டார். "ஓ" என்றார். மேசைக்குத் திரும்பிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து, நான் கொட்டகையைத் தாண்டும் நேரம் பார்த்து, அந்தச் சட்டியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்து மூடியைத் திறந்துவிடுவார். தினமும். சோறு தெரியும், வெங்காயம் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

இரண்டு நாள் கழித்து என் மனைவி ஒரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரியப்பாவின் வேட்டி. அவர் தனியாள் என்பதால் அவர் துணியை அவள்தான் துவைப்பாள்.

"ஏங்க, இதைப் பாருங்க."

மடித்துக் கட்டும் இடுப்பு ஓரத்தில், உள்ளங்கையகலத்துக்கு எண்ணெய்க் கறை. நடுவில் கறுப்புக் கறுப்பாகக் குருணை. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். மிளகு.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஆவணியில குட்டி நெத்திலி தின்னாத அன்னைக்கு நான் சீடை சுட்டேன், ஞாபகம் இருக்கா? கிருஷ்ண ஜெயந்தி. அதைக்கூட மோந்து பாக்கல. அன்னைக்குத் தேய்பிறை அஷ்டமி. இப்ப மூணு நாளைக்கு முன்னாடியும் அஷ்டமி. புதுக் கயிறு கட்டாதீங்கன்னு உங்களைத் தடுத்தேனே. ஆடியிலயும் பாத்தா அதேதான் வரும். உங்க நாய் அஷ்டமிக்கு அஷ்டமி நெத்திலி விரதம் இருக்குது!"

பிறகுதான் புரிந்தது. தேய்பிறை அஷ்டமி வைரவருக்கு உரிய நாள். நாய் அவருடைய வாகனம். பெரியப்பாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, போன வருஷம் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஜோசியரிடம் போகிறார் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். ஜோசியர் என்ன சொல்லியிருப்பார்? கறுப்பு நாய்க்கு மிளகு வடை போடு என்றுதான் சொல்லியிருப்பார். எல்லோரும் தே குடிக்கப் போன நேரத்தில் ஆற்றுப் படிக்கட்டு ஓரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று வடையைக் காட்டியிருக்கிறார். பாய் இந்தக் கோடி, மரம் அந்தக் கோடி, நடுவில் விரிப்புகள். குட்டி நேர்க்கோட்டில் ஓடியிருக்கிறது.

"நேராப் போய் அவர்கிட்டயே கேட்டுடறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். நெத்திலிகூடக் கொடுக்கவில்லை. "பரிகாரத்தை வெளியில சொன்னா பலிக்காது. நாம சொல்லி, அது பலிக்காம, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அந்தப் பாவம் யார் தலையில?"

"அப்ப குட்டி?"

எனக்கு இன்னொன்றும் குடைந்தது. இவர் பக்தியில் வடை போடுகிறாரா, அல்லது போடுகிற சாக்கில் குட்டியைத் துணி மேல் ஓடவிட்டு, அதை வைத்தே குட்டியைக் கழிக்கப் பார்க்கிறாரா? ஒரே கல்லில் இரண்டு மாங்காயா? கழித்துவிட்டால் அடுத்த அஷ்டமிக்குக் கறுப்பு நாய்க்கு எங்கே போவார்? போவார், ஊரில் கறுப்பு நாய்க்கா பஞ்சம். இப்படி இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கறை தெரிந்தது. மனம் தெரியவில்லை.

கடைசியில் ஒன்று தோன்றியது. குட்டி வடைக்குப் போவதை என்னால் நிறுத்த முடியாது. போகிற வழியை மாற்றலாம்.

கொல்லையில் ஒரு கிழிந்த விரிப்பை நனைத்துப் புல்லில் போட்டேன். குட்டி இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். 'வா' என்றேன். நேராக விரிப்பை மிதித்துக்கொண்டு வந்தது. நான் கையை நீட்டவில்லை, திட்டவும் இல்லை, வானத்தைப் பார்த்தேன். திரும்பக் கொண்டுபோய் விட்டேன். மறுபடி நேராக வந்தது. மறுபடி வானம். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அதற்கே சலித்து, ஓரமாக ஒரு பூச்சியை மோந்துகொண்டே விரிப்பைச் சுற்றி வந்து சேர்ந்தது. மூன்று துண்டை ஒன்றாகக் கொடுத்தேன். ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் 'இதுவா விஷயம்?' என்று இருந்ததாக நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், விடுங்கள். மறுநாள் பத்துக்கு ஆறு. ஒரு வாரத்தில் விரிப்பைக் கண்டாலே கால் ஓரத்துக்குப் போனது. பிறகு இரண்டு விரிப்பு, பிறகு நாலு.

"நெத்திலிக்குச் சுத்தி வரும். வடைக்குச் சுத்தி வருமா?" என்றாள் மனைவி. நியாயமான சந்தேகம். அவளே உளுந்தை ஊறப் போட்டாள். வாணலியில் வடை பொரியும்போது, "நாய்க்கு வடை சுட்ட முதல் ஆளு நானாத்தான் இருப்பேன்" என்றாள்.

"ரெண்டாவது" என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வடை வாசனை வெளியில் போய்விடுமோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். பெரியப்பாவை நாங்கள் வேவு பார்ப்பது பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடக்கூடாது. வடை வைத்துப் பழக்கிய முதல் நாள் குட்டி விரிப்பின் மேல் பாய்ந்துதான் வந்தது. வடை அதன் கண் முன்னால் என் வாய்க்குள் போனது. மறுநாள் சுற்றி வந்தது.

ஐப்பசி பிறந்தது. பெரியப்பா சோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். அன்று மழை பிடித்துக்கொண்டது. மறுநாளும் விடவில்லை. மூன்றாம் நாள் வெயில். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கிறது, கப்பல் விரிப்புகள் இரண்டு நாளாக ஈரத்தில் கிடக்கின்றன, புல்தரை முழுக்க அன்றே பரப்பியாக வேண்டும்.

"இன்னைக்கு அஷ்டமிங்க" என்றாள் மனைவி காலையிலேயே.

தள்ளிப்போடச் சொல்ல நான் யார்? பெரியப்பாவும் தள்ளிப்போடவில்லை. வேலை நெருக்கடியில் அன்று தேத்தண்ணிக்குக்கூட யாரும் போகவில்லை. எல்லோரும் கொடிக்கருகே வரிசையாக நின்றார்கள். இஸ்திரி அண்ணனும் கொட்டகை வாசலுக்கு வந்தார். தூங்குமூஞ்சி மரத்தடியில் பெரியப்பா. அவர் காலடியில் மடித்த சாக்கு. படகுக்காரருக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார். நான் அவர் இடுப்பைப் பார்த்தேன். வலப்பக்க மடி புடைத்திருந்தது.

தே குடிக்கப் போகாததால் போட வேண்டிய வடை போடப்படவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டியைப் பாயில் உட்கார வைத்தேன். 'இரு' என்றேன், ஒரே தரம். ஆற்றில் இறங்கினேன். என் வாழ்நாளில் ஒரு மூட்டையை அவ்வளவு அரைகுறையாக அலசினதில்லை. ஏறி வந்தபோது குட்டி பாயில்தான் இருந்தது. ஆனால் மூக்கு காற்றில் நிமிர்ந்திருந்தது. காற்று மரத்துப் பக்கமிருந்து வீசியது.

குட்டி எழுந்தது.

என் வாய்வரை சொல் வந்துவிட்டது. இரண்டாம் தரம் சொன்னால் முதல் தரத்துக்கு மதிப்பில்லை. கத்தினால் பதறி எந்தப் பக்கம் பாயுமோ! பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருவர் "போச்சு" என்றார். குட்டி முதல் விரிப்பின் ஓரம் வரை வந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை இடப்பக்கம் வைத்தது. வாய்க்கால் ஓரமாக, கொடிக்கம்புகளுக்கு அடியில், நின்றவர்களின் கால்களுக்குப் பின்னால் புகுந்து, புல்தரையின் நீளம் முழுக்கச் சுற்றிக்கொண்டு ஓடியது. மரத்தடிக்குப் போய்ப் பெரியப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது. விரிப்புகள் வெள்ளைவெளேர் என்று கிடந்தன.

"அடடா! தலைவர் யாருன்னு நாய்க்கே தெரிஞ்சிருக்கு பெரியப்பா, மரியாதை பண்ணுது பாருங்க!"

"கும்பிடக்கூடக் கத்துக்கொடுத்திருக்கானா இவன்?"

இஸ்திரி அண்ணன் வாசலில் இருந்தபடியே சொன்னார்: "மரியாதையா? முகத்தைப் பாக்கலியே, மடியையில்ல பாக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குட்டியின் கண் உண்மையிலேயே இடுப்பு மடியை விட்டு நகரவில்லை. பெரியப்பாவின் கை அந்தப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் யாராவது வாசனை பிடித்துவிடுவார்கள்.

"காலையில இருந்து யாரும் தே குடிக்கல" என்றேன் நான், எல்லோரையும் பார்த்து. "வாங்க, போய்ட்டு வந்துடலாம்."

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "போங்க, போங்க. வேடிக்கை முடிஞ்சுது. நான் இருக்கேன்" என்றார்.

இஸ்திரி அண்ணனையும் என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாள். "கரி அணைஞ்சா நான் பத்த வெக்கிறேண்ணே, இன்னைக்கு ஒரு நாள் வாங்க." என்ன நினைத்தாரோ, வந்தார். ரோட்டைத் தாண்டும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்காமல் நடந்தது அந்த நூறு அடிதான்.

திரும்பி வந்தபோது குட்டி பாயில் இருந்தது. வயிறு மேளம். விரிப்பில் ஒரு தடம் இல்லை. பெரியப்பா சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாய் ரெண்டு நாள் மழையில ஊறிக் கிடக்குது. இதைப் போட்டு விடு, நாய் படுத்துக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார்.

என் மனைவி அன்று மாலையே குட்டிக்குப் பேர் வைத்தாள். அந்தப் பேர் எங்கள் வீட்டோடு இருக்கட்டும். இஸ்திரி அண்ணனிடம் தீபாவளியன்று போய் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். ஆனாலும் சட்டி மூடி திறந்தேதான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பார்க்கிறேன், மூடியிருக்கிறது. நின்றுவிட்டேன். "ஈ மொய்க்குது" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. காணாமற்போன துணிகள் யார் கைக்குப் போயின என்பது இன்றுவரை தெரியாது.

பெரியப்பாவும் என்னிடம் நேராக ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி கழிந்து ஒரு நாள், கொடிக் கயிற்றை முறுக்கிக்கொண்டே, வேறு பக்கம் பார்த்தபடி, "நாய்க்குச் சுத்திப் போக யார் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"நெத்திலிதான் பெரியப்பா."

"நெத்திலி மட்டும்தானா?"

"வேற என்ன பெரியப்பா இருக்குது?"

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கயிற்றைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரத்திலிருந்து தம் வேட்டியை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. தாமே கல்லுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொண்டார்.